பண்டாரவன்னியன் இறந்த நாள் எது? இணையத்தளத்துக்கு ஒன்றாக இருக்கிறது, உதவி தேவை

முள்ளியவளைப் பிள்ளை:
வணக்கம். பாடசாலை ஒப்படைக்கு, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஆங்கிலேயரோடு போட்ட சண்டைகளைப் பற்றி எழுதுகிறேன். ஒரு தளம் 1803 ஆகஸ்ட் 25 இல் இறந்தான் என்கிறது. ஏழெட்டுத் தளங்கள் ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கொல்லப்பட்டான் என்கின்றன. இன்னொன்று முல்லைத்தீவுக் கோட்டையில் ஒல்லாந்தரை வென்றான் என்கிறது. கூடுதலான தளங்கள் சொல்வதையே எழுதட்டுமா? வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான்காரன்:
தங்கச்சி, தளங்களை எண்ணிப் பயனில்லை. அதில் ஒரு வரியை அப்படியே போட்டுத் தேடுங்கோ. எழுத்துப்பிழைகூட மாறாமல் வந்தால் எல்லாம் ஒரே ஆள் எழுதியதுதான்.
ஒல்லாந்தர் கதையை இப்போதே தள்ளிவிடலாம். அவர்கள் 1796 இலேயே கரையோரத்தை ஆங்கிலேயரிடம் விட்டாயிற்று. அவனோடு சண்டையிட்ட ஆங்கிலேயப் படைக் கப்டனின் பெயர் வொன் டிறிபேர்க். பெயரைப் பார்த்து யாரோ ஒல்லாந்தப் படையாக்கிவிட்டார் போல.

வவுனியா வாத்தியார்:
கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட நினைவுக் கல்லில் ஆங்கிலத்தில் இருந்தது ஒரே வரிதான்: இவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803. தோற்கடித்தார், அவ்வளவுதான். கொன்றிருந்தால் வென்றவன் அதைக் கல்லில் வெட்டாமல் விடுவானா?
ஆகஸ்ட் 25 அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாள். வவுனியாவில் அன்றைக்குச் சிலைக்கு மாலை போடுவதால் இறந்த நாள் என்று எடுத்துவிடுகிறார்கள்.
ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னிக் கையேட்டின் ஸ்கான் பிரதி இணையத்தில் கிடைக்கும், அதைப் பாருங்கள். ஆனால் அவரும் ஆங்கிலேய அதிகாரி. சண்டை முடிந்து 92 வருடம் கழித்து எழுதியவர். திகதிக்கு அவரிடம் போகலாம். யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதற்குப் போகவேண்டாம்.

முள்ளியவளைப் பிள்ளை:
தேடினேன் சேர். ஆறு தளங்களில் 'கற்சிலமடு' என்று ஒரே பிழை! அப்புறம், காக்கை வன்னியன் என்ற இன்னொரு வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்த கதையை அப்பப்பா சொல்வார். அதை எழுதலாமா?

வவுனியா வாத்தியார்:
தாராளமாக. ஆனால் 'அப்பப்பா சொன்னது' என்றே எழுதுங்கள். அவர் அதைத் தன் பெரியவர்களிடம் கேட்டாரா, நாடகத்தில் பார்த்தாரா என்றும் விசாரியுங்கள்.

முள்ளியவளைப் பிள்ளை:
கேட்டேன் சேர். கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்தாராம். காக்கை வன்னியனாக நடித்தவருக்கு அடுத்த நாள் கடையில் தேத்தண்ணி கொடுக்கவில்லையாம்!