மஞ்சக் கடுதாசி கொடுத்தால் அரசு வேலைக்குச் சிக்கல் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மேலூர் பக்கம். என் அண்ணன் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அப்பாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன், வட்டிக்கு வட்டி ஏறி இன்று 14 லட்சத்தில் நிற்கிறது. ஒண்ணாம் தேதி ஆனால் வாசலில் பைக் வந்து நிற்கும். அண்ணி ஜன்னலைச் சாத்திவிட்டு, பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்காரவைக்கிறார். பார்க்கவே மனசு ஆறவில்லை.

போன வாரம் மாவட்ட கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தோம். 1920ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டத்தில் ஐ.பி. போடலாம் என்கிறார், அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் கொடுக்கும் நொடிப்பு மனு, நம்ம ஊர் மஞ்சக் கடுதாசி. ஆனால் அரசு ஊழியர் ஓயாத கடனிலும் நொடிப்பிலும் விழக்கூடாது என்று நடத்தை விதி இருக்கிறதாம். மனு போட்டால் மேலதிகாரிக்குத் தெரிவித்தே ஆகவேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஐ.பி. போடாமல் விட்டு, கடன்காரர் கேஸ் ஜெயித்தாலும் முழுச் சம்பளத்தையும் பிடிக்க முடியாதாம். முதல் 1000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் கைக்கு வருமாம், பி.எஃப்.பில் கை வைக்க முடியாதாம். இது கொஞ்சம் தெம்பு.

அரசு வேலையில் இருந்துகொண்டே ஐ.பி. கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மெமோ, சஸ்பெண்ட் என்று போனதா? பதவி உயர்வு நின்றதா? ஆபீசுக்கு எழுதிய கடிதத்தில் ஆஸ்பத்திரி பில்லையும் சேர்த்தீர்களா? அடுத்த திங்கள் வக்கீலுக்குப் பதில் சொல்லணும். இன்பாக்ஸில் சொன்னாலும் போதும், பெயர் வெளியே வராது.