டபுள் கெப்பில் கேம்பர் பெட்டி: பின்புறத்தைத் தாங்க எயார் பேக்கா, மேலதிக பிளேட்டா?

உவர்மலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012 ஆம் ஆண்டின் ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். அதன் தட்டில் ஏற்றி இறக்கக்கூடிய கேம்பர் பெட்டி ஒன்றை, அலுமினியச் சட்டத்தில் பிளைவூட் பொருத்தி, திருகோணமலையிலேயே செய்வித்திருக்கிறேன். படுக்கை, அடுப்பு, 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, பற்றரி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 600 கிலோ வருகிறது. பெட்டியை ஏற்றியதும் பின்புறம் 9 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடுகிறது. இரவில் கந்தளாய்ப் பக்கம் ஓடும்போது எதிரே வருபவர்கள் லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள். கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று வீசினால் வண்டி ஆடுகிறது. பெட்டி இல்லாத நாட்களில் இதே கெப்பில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். ஸ்பிரிங் பட்டறைக்காரர் பின் ஸ்பிரிங்கின் வில் தகடுகளுடன் இன்னும் இரண்டு பிளேட் கூட்டச் சொல்கிறார், உதிரிப்பாகக் கடைக்காரர் பின் அச்சுக்கும் (அக்சில்) வண்டியின் அடிச்சட்டத்துக்கும் (செசி) இடையே காற்று நிரப்பும் ரப்பர்ப் பையான எயார் பேக் போடச் சொல்கிறார். மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் போக எண்ணியிருப்பதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சீனக்குடா கராஜ் எழுதியது:

ஐயா, எதை வாங்குவதற்கு முன்னும் வண்டியை நிறுத்துப் பாருங்கள். லொறி நிறுக்கும் தராசுள்ள அரிசி ஆலை எதிலாவது கேட்டு, முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் ஏற்றி, பெட்டியுடன் ஒரு முறையும் பெட்டியில்லாமல் ஒரு முறையும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எயார் பேக், பிளேட், அக்சிலுக்கும் செசிக்கும் இடையே வைக்கும் ரப்பர்க் கட்டை ஆகிய எதுவும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைக் கூட்டித் தருவதில்லை. தாழ்ந்ததை உயர்த்தும், அவ்வளவுதான். அக்சில், பெயாரிங், பிரேக், ரயர் எல்லாம் பழையபடியே இருக்கும். ரயரின் பக்கவாட்டில் 112 என்று இருந்தால் ஒரு ரயருக்கு 1120 கிலோ, 121 என்று இருந்தால் 1450 கிலோ என்பது கணக்கு.

பெட்டி அடிக்கடி ஏறி இறங்குமானால் என் தெரிவு எயார் பேக்தான். பிளேட் கூட்டினால் வெறும் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குதிரை போலத் துள்ளும். எயார் பேக்கில் பெட்டியை இறக்கியதும் காற்றைக் குறைத்துவிடலாம். முழுவதும் இறக்கிவிடாமல், தயாரிப்பாளர் சொல்லும் குறைந்த அளவை, வழக்கமாக 5 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், எப்போதும் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் பை மடிந்து கிழியும். இடது வலது இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் சாயும் பக்கத்துப் பையிலிருந்து காற்று மற்றப் பக்கத்துக்குப் போய், ஆட்டம் கூடும்.

கிண்ணியா நானா எழுதியது:

தம்பி, எயார் பேக்கை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மேலே சொல்லாமல் விடப்பட்ட ஒரு விடயம் இருக்கிறது. பிளேட் சுமையைச் செசியின் இரண்டு இடங்களில், அதாவது பிளேட்டின் இரு முனைகளையும் பிடிக்கும் முன் ஹேங்கரிலும் பின் ஹேங்கரிலும், பிரித்துக் கொடுக்கிறது. எயார் பேக்கோ அந்த இரண்டுக்கும் நடுவே, அக்சிலுக்கு நேர் மேலே, ஒரே இடத்தில் தள்ளுகிறது. டபுள் கெப்பின் தட்டு குறுகியது என்பதால் பெட்டியின் வால் அக்சிலுக்குப் பின்னால் நீண்டு தொங்கும். பள்ளத்தில் விழும்போது அந்த வால் கீழே இழுக்க, நடுவில் பை மேலே தள்ள, செசி அங்கேயே வளைந்துபோன கெப்கள் உண்டு. புல்மோட்டை வீதியில் ஏற்ற இறக்கம் பார்க்காமல் ஓடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உங்களுடையது 2012 வண்டி. பழைய பிளேட்டுகள் தட்டையாகியிருந்தால், முதலில் புதிய செற் போடுங்கள், அல்லது பட்டறையில் பழையவற்றை மீண்டும் வளைத்து எடுத்துக்கொள்ளுங்கள். செத்த பிளேட்டின் மேல் காற்றை நிரப்பினால் முழுச் சுமையும் பையின் தலையில்தான் விழும். நிலாவெளி மணலில் ஓடிவிட்டு வந்தால் பையின் மடிப்புக்குள் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், மணல் ரப்பரைத் தின்னும். உப்புக் காற்றுக்குப் பிடிமானத் தகடுகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

உவர்மலைவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நிறுத்துப் பார்த்தேன். பெட்டியில்லாமல் முன்புறம் 1110 கிலோவாக இருந்தது, அதே ஆட்களுடன் பெட்டியையும் ஏற்றியபோது 1060 ஆகக் குறைந்தது, பின்புறம் 1560. ரயர் 112 தான். தண்ணீர்த் தாங்கியும் பற்றரியும் பின் கதவருகே இருக்கின்றன.

சீனக்குடா கராஜ் எழுதியது:

இப்போது விடயம் தெளிவாகிறது. இரண்டு ரயருக்கும் சேர்த்து 2240 கிலோ என்பதால் ரயரில் பிரச்சினை இல்லை. 1560 என்பதைப் பின் அக்சிலுக்குக் குறிக்கப்பட்ட எல்லையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 600 கிலோவை ஏற்றியும் முன்புறத்தில் 50 கிலோ குறைகிறது என்றால், சக்கர இடைத்தூரம் 3085 மில்லிமீற்றர் என்ற கணக்கில், பெட்டியின் எடை மையம் அக்சிலுக்குச் சுமார் 25 சென்ரிமீற்றர் பின்னால் விழுகிறது. நானா சொன்ன ஆபத்தும் ஸ்ரியரிங் இலேசாவதும் இதனால்தான். தண்ணீரும் பற்றரியும் சேர்ந்து 90 கிலோ வரும் என்று வைத்து, அவற்றை ஒன்றரை மீற்றர் முன்னே, கெபினை ஒட்டிய சுவருக்கு நகர்த்தினால் முன்புறத்துக்கு ஏறத்தாழ 44 கிலோ திரும்பி வரும். இதைச் செய்த பிறகே பை வாங்குங்கள். ஒருவேளை சிறிய ரப்பர்க் கட்டையே போதுமானதாக இருக்கும்.

இன்னொன்று: பின் அக்சிலிலிருந்து செசிக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பி, பிரேக் வால்வு ஒன்றில் முடிகிறதா என்று வண்டியின் அடியில் பாருங்கள். எல்லா மொடலிலும் அது இல்லை. இருந்தால், பின்புறம் தாழ்வதை வைத்தே அந்த வால்வு சுமையை அறிந்து பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. பையோ பிளேட்டோ போட்டு வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கிவிட்டால், அது வெறும் வண்டி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பதினெட்டு வளைவில் இறங்கும்போது முன் பிரேக் மட்டும் கொதிக்கும். ஆகவே 9 சென்ரிமீற்றர் முழுவதையும் தூக்காமல் பாதியளவில் நிறுத்தி, அந்தக் கம்பியின் பிடிமானத்தையும் கராஜில் சரிசெய்யுங்கள். பெட்டி ஏற்றிய வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, ஹெட் லைட்டின் ஒளியைக் கீழிறக்கிக்கொண்டால், கந்தளாயில் யாரும் லைட் அடிக்க மாட்டார்கள்.

கிண்ணியா நானா எழுதியது:

ஆட்டத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. பக்கக் காற்றில் சாய்வது பெட்டியின் உயரத்தால் வருவது, தாழ்வதால் மட்டும் வருவதல்ல. பின் அக்சிலுக்கு ஆட்டம் தடுக்கும் பார் ஒன்றும், தேய்ந்த ஷொக் அப்சோபர்களுக்குப் பதிலாகப் புதியவையும் போட்டுப் பாருங்கள். கூரையின் மேல் ஒன்றும் கட்டாதீர்கள், தம்பி.