டிசம்பர் வெயிலில் ஸ்க்ரூஜ்: மொரீசியஸில் நாங்கள் போட்ட நாடகம்

விழாக்கால நாடகம் மேடையேற்றியவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று இந்த இழையைத் தொடங்கியவர் கேட்டிருந்தார். நாங்கள் போட்டது சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்மஸ் கரோல்’. ஸ்க்ரூஜ் என்ற கஞ்ச முதலாளி கிறிஸ்மஸுக்கு முந்தின இரவில் ஆவிகளைக் கண்டு, விடிந்ததும் மனம் மாறும் கதை. தமிழில். மொரீசியஸின் மேட்டுநிலப் பக்கம், ஒரு நகராட்சி மண்டபத்தில், இருநூறு நாற்காலி போட்டு, இரண்டு மாலைகள்.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இருக்கும் நாடக அரங்குகளில் டிசம்பர் வந்தால் இந்த நாடகம்தான். மினியாபொலிஸ் நகரத்து கத்ரி அரங்கில் 1975இலிருந்து போடுகிறார்கள். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து வந்து உட்காரும் நாடகம் அது. எங்கள் குழுவுக்கும் ஆண்டு முடிவில் அப்படி ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

முதல் கூட்டத்திலேயே தகராறு. கதையை எங்கள் தலைநகரான போர்ட் லூயிக்கு மாற்றிவிடலாம், ஸ்க்ரூஜைக் கடை முதலாளி ஆக்கலாம், குமாஸ்தாவைக் கரும்புத் தோட்டத்து எழுத்தர் ஆக்கலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. குளிர் போனால் இந்தக் கதையே போய்விடும். நிலக்கரிப் பெட்டி முதலாளியின் அறையில் இருக்கிறது. குமாஸ்தா பாப் கிராச்சிட்டின் அடுப்பில் எரிவது ஒரே ஒரு கரித்துண்டு போலத் தெரிகிறது. அவன் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவர்த்தியில் கை காய்ச்சப் பார்க்கிறான். நெருப்பைக்கூட அளந்து கொடுக்கிற மனுஷன் ஸ்க்ரூஜ். முப்பது டிகிரி வெயிலில் அந்தக் கஞ்சத்தனம் யாருக்கு உறைக்கும்? லண்டன் லண்டனாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

சரி, பனியையே பார்க்காத பிள்ளைகளுக்குக் குளிரை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நல்லவேளை ஒத்திகையை ஜூலையில் தொடங்கினோம், மேட்டுநில ஊரான க்யூர்பிப்பில். இங்கே ஜூலைதான் குளிர்காலம். அந்த ஊர் ஜூலைத் தூறலும் மூடுபனியும் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு மாலை பாப் வேடத்துத் தம்பியிடம், “ஸ்வெட்டரைக் கழற்றி வை, ஜன்னலைத் திறக்கிறேன், இப்போ வசனம் சொல்லு” என்றேன். மெழுகுவர்த்திமேல் கையைக் குவித்தான். விரல் நுனி வெளுத்திருந்தது. தோள் காதுவரை ஏறிவிட்டது. எழுதும்போது பேனாவைப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளினான். அதை நான் சொல்லித் தரவே இல்லை. டிசம்பரில் விளக்குச் சூட்டில், வேர்வை வழிய நின்றபோதும் அதே கையைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தான். பஞ்சுப்பனி, உப்புப்பனி எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஒரு அடுப்புக்கரித் துண்டு, அதன் அடியில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. குளிர் முழுக்க அவ்வளவுதான்.

ஸ்க்ரூஜாக நடித்தவர் எழுபது தாண்டிய ஒரு தாத்தா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவிலில் தேவாரம் பாடுவார். இங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். தமிழ், பள்ளிக்கூடத்திலும் கோவிலிலும் கற்றுக்கொள்வது. தாத்தாவுக்குத் தமிழ் வந்ததும் பாட்டு வழியாகத்தான். அதனால் எதைச் சொன்னாலும் ராகம் ஒட்டிக்கொண்டு வரும். “வெளியே போ” என்பதற்குக்கூட ஒரு இழுவை இருக்கும். மூன்று வாரம் அதைத் திருத்தப் பார்த்தேன், அவர் முகம் வாடியதுதான் மிச்சம். அப்புறம்தான் புத்தி வந்தது. முதல் காட்சிகளில் பேரேட்டைப் பார்த்து எண்களை வாசிப்பதுபோல் தட்டையாகச் சொல்லுங்கள், கடைசியில் கிறிஸ்மஸ் காலையில் ஜன்னலைத் திறக்கும்போது உங்கள் ராகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முதல் நாள் அந்த ஜன்னல் திறந்தபோது மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

ஸ்க்ரூஜ் எப்படிப்பட்டவன் என்று நான் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தபோது அவரே ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “எச்சில் கையால காக்கா ஓட்டாதவன்.” பாட்டி சொல்லிக் கேட்டதாம். அதன் பிறகு எனக்கு விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது இன்னொரு மாலை. வேலை செய்யாத நாளுக்குக் கூலி கேட்கிறாயே என்று ஸ்க்ரூஜ் குமாஸ்தாவிடம் எரிந்து விழும் இடம். தாத்தா பாதியில் நிறுத்திவிட்டார். கிரியோலில் சொன்னார். தமிழில் எழுதுகிறேன்: “எங்க தாத்தாவோட அப்பா கரும்புத் தோட்டத்துல ஒரு நாள் வராட்டி ரெண்டு நாள் கூலியைப் பிடிப்பாங்களாம். இவன் ஒரு நாளைக்குத்தானே அழறான்.” டபுள் கட் என்று அதற்குப் பேர். சட்டமே இடம் கொடுத்த பிடித்தம் அது. அன்றிரவு வீட்டுக்குப் போய்த் தேதிகளை வைத்துப் பார்த்தேன். டிக்கன்ஸின் புத்தகம் வெளிவந்தது 1843 டிசம்பர் 19. முதலில் அச்சிட்ட ஆறாயிரம் பிரதிகளும் கிறிஸ்மஸுக்கு முந்தின நாளுக்குள் விற்றுப்போயின. அதே 1843இல்தான், ஆள் அனுப்பக் கூடாதென்று இருந்த தடை நீங்கி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் போர்ட் லூயிக்குத் திரளாக வந்துகொண்டிருந்தன. லண்டனில் ஒரு குமாஸ்தாவுக்கு வாரம் பதினைந்து ஷில்லிங் என்று டிக்கன்ஸ் எழுதிய வருஷம், எங்கள் ஆட்கள் கரையேறிய வருஷம்.

நாடகத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தாத்தா அந்த வசனத்தைக் கத்தாமல் மெதுவாகச் சொன்னார். கத்தியபோது சிரித்தவர்கள் மெதுவாகச் சொன்னபோது சிரிக்கவில்லை. டிசம்பரில் போனஸாக வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் ஊர் இது. அரங்கில் ஒரு முணுமுணுப்பு பின் வரிசையிலிருந்து முன்னால் வந்தது.

கிறிஸ்மஸ் என்றாலே ஸ்க்ரூஜ் எரிச்சலோடு சொல்லும் ‘ஹம்பக்’ என்ற சொல்லுக்கு என்ன போடுவது என்று ஒரு வாரம் அலைந்தோம். வெட்டிப்பேச்சு, வெத்துவேட்டு எல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் ‘பித்தலாட்டம்!’ நின்றது. வாய் நிறையச் சொல்லலாம். அடுத்த வாரமே கோவில் வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் ‘பித்தலாட்டம்!’ என்று கூவிக்கொண்டிருந்தார்கள். தமிழ் வகுப்பில் நான் எத்தனை சொல் கற்றுக்கொடுத்திருந்தாலும் இப்படித் தெருவுக்குப் போனது இது ஒன்றுதான்.

ஒன்று விட்டுப்போச்சு. வான்கோழி வாங்கிவரும் பையனுக்கு ஜன்னலிலிருந்து காசை எறியச் சொல்லியிருந்தேன். தாத்தா எறிய மாட்டேன் என்றுவிட்டார். “காசை எறியக் கூடாதுப்பா, லட்சுமி.” மேடை விளிம்புவரை வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வலது கையால் பையன் உள்ளங்கையில் வைத்தார். நான் யோசித்ததைவிட அது எவ்வளவோ மேல்.

* * *

மறுமொழி – அதே நாடகத்தில் ஆடைகளுக்கும் மேடைப்பொருளுக்கும் பொறுப்பாக இருந்தவள்:

மேலே எழுதிய அண்ணா, மார்லியின் சங்கிலியைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டார், நான் எழுதுகிறேன். ஸ்க்ரூஜின் செத்துப்போன வியாபாரக் கூட்டாளி மார்லி ஆவியாக வருவான்; உயிரோடு இருந்தபோது தானே செய்துகொண்ட சங்கிலியை இழுத்துக்கொண்டு வருவான். பணப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம் எல்லாம் அதில் தொங்க வேண்டும். முதலில் பிளாஸ்டிக் சங்கிலிக்கு வெள்ளி வண்ணம் அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. மாயேபூரில் எனக்குத் தெரிந்த ஒரு மீனவரிடம் நங்கூரச் சங்கிலி கடன் வாங்கினேன். துரு, உப்பு வாடை, தூக்க இரண்டு ஆள். அதில் பழைய பிஸ்கட் டப்பாக்களையும் வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கிய பூட்டுகளையும் கம்பியால் கட்டினேன்.

மார்லியை மேடைப் பக்கமிருந்து விடாமல், மண்டபத்தின் பின்கதவால் விட்டோம். விளக்கை அணைத்தாயிற்று. சிமெண்ட் தரையில் இரும்பு உரசும் சத்தம் மட்டும் பார்வையாளர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு பாட்டி “முருகா!” என்று உரக்கவே சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் அதே பாட்டி உள்ளே வந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு முனையைத் தூக்கினார், முடியவில்லை. “இதை இழுத்துக்கிட்டேவா அவன் அலையறான்?” என்று கேட்டார். ஆமாம் பாட்டி, ஏழு வருஷமா என்றேன். “பாவம்” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த லிச்சிப் பையிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்து மார்லி வேடக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பளிக் கோட்டு போடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேடையின் இரண்டு பக்கமும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வையுங்கள். அடுத்த வேடத்துக்கு ஒரு சட்டை கூடுதலாக வையுங்கள்.

* * *

முதலில் எழுதியவர் மீண்டும்:

உரிமை வாங்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டிக்கன்ஸ் 1870இல் காலமானவர், மூலக் கதைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் இந்தக் காலத்தில் யாராவது எழுதிய நாடக வடிவத்தை எடுத்தால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். நாங்கள் மூலத்திலிருந்தே நேராகத் தமிழில் எழுதிக்கொண்டோம்.

பாப் கிராச்சிட்டின் கால் ஊனமுற்ற சின்ன மகன் டைனி டிம்மாக நடித்தது யார் என்று கேட்டவருக்கு: ஒன்பது வயதுச் சிறுமி. மூங்கிலில் ஊன்றுகோல் செய்துகொடுத்தோம். கடைசி வரியை அவள் பாட்டி விளக்கேற்றும்போது சொல்கிற மாதிரியே வைத்தோம்: “எல்லாரும் நல்லா இருக்கணும்.” வசனத்தை முதலில் பிரெஞ்சு எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தாள். அதில் ழவும் இல்லை, ளவும் இல்லை, எல்லாம் ஒரே லகரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வரியாகத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தோம். இரண்டாம் நாள் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அவள் நோட்டு மேடை ஓரத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று பக்கம் பிரெஞ்சு எழுத்து. நாலாவதிலிருந்து தமிழ். கடைசிப் பக்கத்தில் ‘எல்லாரும்’ என்பதில் புள்ளியை விட்டுவிட்டு, பிறகு பென்சிலால் பெரிதாக வைத்திருந்தாள்.