சுவத்துல போர்டு மாட்டியாச்சு, ஆபீஸ்ல ஒருத்தரும் மாறல, இன்னா பண்றது?

மண்ணடி_கிளியரிங்:
வணக்கம் மக்களே. பாரிஸ் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல (பார்ட்டிகளோட சரக்கை கஸ்டம்ஸ்ல இருந்து விடுவிச்சுக் குடுக்கற வேலை) ஆபரேஷன்ஸ் பாத்துக்கறேன், வீடு தண்டையார்பேட்டை. மொத்தம் 14 பேர், அதுல அஞ்சு பேரு ஃபீல்டு, கஸ்டம் ஹவுஸ், சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்கு நிலையம்), துறைமுகம்னு வண்டியிலயே இருப்பாங்க. ரெண்டு மாசம் முன்ன ஓனர் ஒரு கன்சல்டன்ட்டைக் கூட்டிட்டு வந்தாரு, லீன் (வீணாப் போறதைக் குறைக்கற முறை), கான்பான் (வேலையைச் சீட்டு வெச்சுக் கண்ணுக்குக் காட்டற முறை)னு ரெண்டு நாள் கிளாஸ் நடந்துச்சு, பிரியாணி வேற. அடுத்த திங்கக்கிழமையே சுவத்துல பெரிய வெள்ளை போர்டு, 'செய்யணும், செய்யறோம், முடிஞ்சது'ன்னு மூணு கட்டம், காலைல பத்து நிமிஷம் எல்லாரும் நின்னுக்கிட்டே பேசணும், அதே வாரத்துல புது சாஃப்ட்வேர், பழைய ரிஜிஸ்டர் எழுதக் கூடாது, வாட்ஸ்அப் குரூப்பும் க்ளோஸ்.

இப்ப நிலைமை என்னன்னா, வேலைக்கு ஒண்ணா போர்டுல ஒட்டின சீட்டெல்லாம் ராத்திரி கழண்டு விழுந்துடுது, காலைல பெருக்கற அம்மா பொறுக்கி என் டேபிள் மேல வெச்சு 'சார், உங்க சீட்டு'ங்கறாங்க. எது எந்தக் கட்டத்துல இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. ரிஜிஸ்டரை ஒளிச்சு வெச்சு எழுதறாங்க, வாட்ஸ்அப்ல வேற பேர்ல குரூப் ஓடுது, என்னை மட்டும் சேக்கல. இதுல சீனியர் பாய் ஒருத்தர், 26 வருஷ சர்வீஸ், அவரோட அட்டை நோட்டைத் தவிர எதையும் தொட மாட்டேங்கறாரு. ஓனர் 'உன்னால ஆளை மாத்த முடியலயா'ன்னு என்னைக் கேக்கறாரு. யாராச்சும் இதை உண்மையிலயே ஓட்டிப் பாத்திருக்கீங்களா?

காசிமேடு_காத்து:
முதல்ல ஃபேனை ஆஃப் பண்ணு தலைவா. கடல் காத்து அடிக்கற ஊர்ல போர்டுல பேப்பரு ஒட்டுமா? நாலு காந்தம் வாங்கு, பாதி பிரச்சனை தீந்துது.

மணலி_ஷாப்_ஃப்ளோர்:
காந்தம் சொன்னது ஜோக் இல்ல, நாங்களும் அதைத்தான் செஞ்சோம். நான் வண்டிக்கு ப்ராக்கெட் அடிக்கற கம்பெனில 11 வருஷமா சூப்பர்வைசர். கான்பான்ங்கறது ஜப்பான்காரன் கடை வாசல்ல மாட்டற பெயர்ப்பலகை, அவ்ளோதான் அர்த்தம். டொயோட்டால தைச்சி ஓனோ அமெரிக்க சூப்பர்மார்க்கெட் எப்படி நடக்குதுன்னு யோசிச்சாரு, கஸ்டமர் எடுத்தா மட்டும்தான் அந்த இடத்தை ரொப்பறான் இல்ல, அதையே ஃபேக்டரிக்குள்ள கொண்டு வந்தாரு. எங்க லைனுக்கு ஒரு நாளைக்கு 400 பீஸ் வேணும், ஒரு பின்ல (பெட்டில) 50, பின்னுக்கு ஒரு கார்டு, கார்டு வந்தாதான் பீஸ் செய்யணும், காலி பின் போயி ரொம்பி வர அரை நாள். அப்ப அந்த அரை நாளைக்கு 200 பீஸ், நாலு பின், ஒண்ணு சேஃப்டிக்கு, ஆக மொத்தம் அஞ்சு கார்டு. ஆறாவது கார்டு அடிக்கவே கூடாது, அதுதான் விஷயம். பின் இருக்கு ஆனா கார்டு இல்லன்னா மிஷின் சும்மா நிக்கணும். அந்த நிக்கறதைப் பாத்து முதல் மாசம் எங்க மேனேஜருக்கு பிபி ஏறிடுச்சு.

உங்க போர்டுல அந்த அஞ்சுங்கற நம்பர் எங்க இருக்கு? அது இல்லன்னா அது கான்பான் இல்ல, நோட்டீஸ் போர்டு.

வியாசர்பாடி_டெஸ்டர்:
மணலி அண்ணன் சொன்னதுல இருந்தே ஆரம்பிக்கறேன். ஆபீஸ் வேலைக்கு இதைக் கொண்டு வந்தவரு டேவிட் ஆண்டர்சன், 2004ல மைக்ரோசாஃப்ட்ல ஒரு டீம், வேலை செஞ்சவங்க நம்ம ஹைதராபாத்ல இருந்தாங்க, வந்து குவியற ரிக்வெஸ்ட்டுக்கெல்லாம் எஸ்டிமேட் போடறதுலயே நேரம் போயிட்டு இருந்துச்சு. அவர் யாரையும் மாத்தல, பதவியை மாத்தல, கையில ஒரே நேரத்துல எத்தனை வேலைங்கறதை மட்டும் கட்டுப்படுத்தினாரு. அவரோட முதல் விதியே 'இப்ப எப்படி செய்யறியோ அங்கருந்தே தொடங்கு'. உங்க கன்சல்டன்ட் அதைத்தான் தாண்டிக் குதிச்சுட்டாரு. கணக்கு சிம்பிள், லிட்டில்ஸ் லா, ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்ச விதி: கையில 60 ஃபைல், ஒரு நாளைக்கு 6 வெளிய போவுதுன்னா சராசரியா ஒரு ஃபைலுக்கு 10 நாள். வேகத்தை ஏத்தாம கையில இருக்கறதை 30 ஆக்குனா 5 நாள்.

இன்னொண்ணு, மாற்றமும் ஒரு வேலைதான் ப்ரோ. நீங்க எழுதினதை எண்ணிப் பாருங்க, போர்டு, மீட்டிங், சாஃப்ட்வேர், ரிஜிஸ்டர், வாட்ஸ்அப், ஒரே வாரத்துல அஞ்சு. ஃபைலுக்கு லிமிட் போடறதுக்கு முன்ன மாற்றத்துக்கு லிமிட் போடுங்க. ஒரு நேரத்துல ஒண்ணு, அது பழகி நிலைச்சப்புறம் அடுத்தது.

மண்ணடி_கிளியரிங்:
அஞ்சுன்னு எண்ணவே இல்ல நான், சரிதான். ஆனா ஒரு சந்தேகம். கப்பல் வந்து நிக்கறப்போ பார்ட்டிகிட்ட 'எங்க கட்டம் ரொம்பிடுச்சு, அடுத்த வாரம் வாங்க'ன்னு சொல்ல முடியுமா? பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ்ல போடற கணக்குப் பத்திரம்) லேட் ஆனா முதல் மூணு நாளைக்கு நாளுக்கு 5000 ரூபாய், அப்புறம் நாளுக்கு 10000, அது போக டெமரேஜ், டிடென்ஷன்னு சரக்கும் கன்டெய்னரும் நிக்கற வாடகை வேற. லிமிட் எங்க போடறது?

வியாசர்பாடி_டெஸ்டர்:
வாசல்ல போடாதீங்க, உள்ள போடுங்க. 'செய்யறோம்'ங்கற ஒரே கட்டம் பொய் பேசுது. செக்லிஸ்ட் (பில் ஆஃப் என்ட்ரியோட வரைவு) போடறது, பார்ட்டி அப்ரூவல், ஃபைலிங், அசெஸ்மென்ட், டூட்டி (வரி) கட்டறது, எக்ஸாமினேஷன், அவுட் ஆஃப் சார்ஜ் (கஸ்டம்ஸ் விடுவிப்பு), டிஓ (கப்பல் கம்பெனி தர்ற டெலிவரி ஆர்டர்), இப்படி நடக்கற மாதிரியே பிரிங்க. இதுல உங்க ஆளுங்க கையில இருக்கறது எது, கஸ்டம்ஸ்லயோ பார்ட்டிகிட்டயோ காத்திருக்கறது எதுன்னு தனியா தெரியணும். லிமிட் உங்க கையில இருக்கறதுக்கு மட்டும், செக்லிஸ்ட்டுக்கு ஆளுக்கு மூணுன்னு வெச்சுப் பாருங்க. காத்திருக்கற கட்டத்துக்கு லிமிட் வேணாம், ஆனா எத்தனை நாளா நிக்குதுன்னு சீட்டுல தேதி இருக்கணும்.

கொருக்குப்பேட்டை_அக்கா:
எல்லாரும் கட்டம் பத்தியே பேசறீங்க, நான் ஹெச்ஆர்ல 15 வருஷம் இருந்தவ, ஒண்ணு கேக்கறேன் தம்பி. 'லீன்'னு சொன்ன அன்னைக்கு அந்த 14 பேர் வீட்டுக்குப் போயி என்ன சொல்லிருப்பாங்க? ஆளைக் குறைக்கப் போறாங்கன்னுதானே? போர்டுல பேர் எழுதி, யார்கிட்ட எத்தனை நிக்குதுன்னு ஓனர் வாசல்ல நின்னு பாத்தா எவன் உண்மையைச் சொல்லுவான். அந்த டொயோட்டாலயே 1950ல ஆள்குறைப்பு, ஸ்ட்ரைக்கு, கடைசில கீச்சிரோ டொயோடாவே பதவியை விட்டு இறங்கினாரு. அங்க கத்துக்கிட்டதையும் சேத்துல்ல கொண்டு வரணும்? ஓனர் வாயால 'இதனால யார் வேலையும் போகாது'ன்னு சொன்னாரா?

அப்புறம் அந்தப் பாய் நோட்டை நீ ஒரு தடவையாவது வாங்கிப் பாத்திருக்கியா?

மண்ணடி_கிளியரிங்:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன். அக்கா கேட்டது உறுத்திச்சு, பாய்கிட்ட டீ வாங்கிக் குடுத்து நோட்டைக் கேட்டேன். ஒரு ஜாபுக்கு ஒரு பக்கம். க்வெரில (கஸ்டம்ஸ் கேட்ட கேள்வில) நிக்கறதுக்கு மேல் மூலையை மடிச்சிருக்காரு, டூட்டி பணம் வராததுக்கு கீழ் மூலை, ஃப்ரீ டேஸ் (வாடகை இல்லாத நாள்) முடியற தேதியைச் சிவப்பு பேனாவுல வட்டம். நோட்டை மூடி பக்கவாட்டுல பாத்தாலே எத்தனை மூலை மடிஞ்சிருக்குன்னு தெரியுது. நாங்க பிரியாணி போட்டு ரெண்டு நாள் கத்துக்கிட்டதை இந்த மனுஷன் அட்டை நோட்டுல வெச்சிருக்காரு, அதைத்தான் எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டு இருந்தோம்.

மூணு கட்டத்தை அழிச்சுட்டு பாயையே மார்க்கரைப் புடிச்சு கோடு போடச் சொன்னேன், ஒன்பது கட்டம் வந்துச்சு. டிஓக்கு முன்ன 'லைன்காரன்கிட்ட பேச்சு'ன்னு (கப்பல் கம்பெனிகிட்ட) ஒரு கட்டம் போட்டாரு, அது எந்த கிளாஸ்லயும் வராது. சீட்டுக்கு பதிலா பழைய ஜாப் அட்டையைக் காந்தத்துல மாட்டறோம் (காசிமேடு தலைவருக்கு ஒரு கும்பிடு). செக்லிஸ்ட்டுக்கு ஆளுக்கு மூணு. முதல் வாரம் ஒரு பொண்ணு மூணும் ரொம்பி சும்மா உக்காந்திருந்துச்சு, ஓனர் என்னை முறைச்சாரு, நான் மணலி அண்ணன் மேனேஜரை நெனச்சு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். எழுந்து போயி பக்கத்து சீட்ல மாட்டிக்கிட்ட அப்ரூவலுக்கு பார்ட்டிக்கு அதுவே போன் போட்டுச்சு.

பார்ட்டிகிட்ட பேப்பர் வாங்கறதுலதான் நாளெல்லாம் போவுதுன்னு இப்ப கண்ணுக்குத் தெரியுது, கஸ்டம்ஸ் மேல போட்ட பழி பாதி எங்களுது. ரிஜிஸ்டரைத் திரும்பக் குடுத்துட்டேன், சாஃப்ட்வேரைத் தள்ளி வெச்சாச்சு, லைசென்ஸ் காசு வீணாப் போவுதுன்னு ஓனருக்குக் கடுப்பு. வேலை போகாதுன்னு இன்னும் அவர் வாயைத் திறந்து சொல்லல அக்கா, ரெண்டு தடவை கேட்டுட்டேன், 'பாக்கலாம்'ங்கறாரு. அந்த வாட்ஸ்அப் குரூப்ல நேத்துதான் என்னைச் சேத்தாங்க. பேரு 'போர்டு இல்லாத உலகம்'.

கொருக்குப்பேட்டை_அக்கா:
'பாக்கலாம்'னா அது பதில் இல்ல தம்பி. மூணாவது தடவை பாயைக் கூட்டிட்டுப் போயி கேளு.