புதுப்பிப்பு: கழுத்து, தலை, தாடை வலி

கழுத்தில் தொடங்கி காதோரம் ஏறி தாடையை இறுக்கிவிடும் வலி பற்றி முன்பு எழுதி, கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, பிடுங்கவில்லை. பல் நன்றாகவே இருக்கிறதாம். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னார் மருத்துவர், 'டக்' என்று தாடை மூட்டு நழுவியது அவர் விரலுக்கே தெரிந்தது.

கழுத்தின் மேல் நரம்புகளும் முகத்தின் ட்ரைஜெமினல் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால்தான் கழுத்தில் இருக்கும் கோளாறு நெற்றியில் வலிக்கிறது என்றார். இத்தனை வருடம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

இரவில் அளவெடுத்துச் செய்த நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை. பகலில் உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது, நாக்கு மேலண்ணத்தில், அதுதான் தாடைக்கு ஓய்வு. முறுக்கு, கரும்பு கிடையாது.

அப்புறம் முக்கியமான ஒன்று, சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று 3 மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும், தயவுசெய்து மருத்துவரிடம் கேளுங்கள்.

வலி போய்விடவில்லை, ஆனால் கொட்டாவி விட பயமில்லை. கழுத்துப் பட்டை பற்றிக் கேட்டவர்களுக்கு: பிசியோதெரபிஸ்ட் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார், கழுத்து, தோள் பயிற்சி மட்டும் தொடர்கிறது.