பூரிக்கிழங்குக்கு ஒன்று, வறுவலுக்கு ஒன்று: இங்கிலாந்தில் விதை உருளை வாங்குமுன்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து, வீட்டுக்குப் பின்னால் நாலு அடி மண்ணும் கிடைத்திருக்கிறதா? உருளை போடுங்கள். ஜனவரி கடைசியிலேயே கார்டன் சென்டர்களில் விதைக்கிழங்கு வந்துவிடும். வலைப்பைச் சீட்டில் ‘ரோஸ்ட், மேஷ், சாலட்’ என்று போட்டிருப்பார்கள். அதை நம் அடுப்படிக்கு மாற்றிப் படிக்க வேண்டும். சாலட் என்றால் வெந்தாலும் உடையாது, வறுவலுக்கு ஆகும். ஷார்லட் அந்த ரகம். மேஷ் என்றால் மாவாக உதிரும், பூரிக்கிழங்குக்கும் போண்டாவுக்கும். மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் அப்படி. ஷார்லட்டைத் தோசை மசாலாவுக்கு மசித்தால் கோந்து மாதிரி கரண்டியில் ஒட்டும்.

ஆனால் ருசியைவிட முக்கியம், எத்தனை வாரம் மண்ணில் கிடக்கும் என்பது. அதை வைத்து ரகங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். ஃபர்ஸ்ட் ஏர்லி (முதலில் விளைவது) 10 முதல் 12 வாரம், செகண்ட் ஏர்லி (அடுத்து விளைவது) 13 வாரம் போல. மெயின்கிராப் (கடைசியில் விளைவது) 15 முதல் 20 வாரம் வரை இழுக்கும். நான் முதல் வருடம் எல்லா வரிசையிலும் மாரிஸ் பைப்பர்தான் போட்டேன். அது மெயின்கிராப் என்று சீட்டிலேயே இருந்தது, யார் பார்த்தார்கள்? ஆகஸ்டில் ஒரு வாரம் புழுக்கமும் மழையுமாக இருந்தது. இலை ஓரத்தில் பழுப்புப் புள்ளி, அடியில் வெள்ளைப் பூஞ்சை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் தண்டெல்லாம் கறுத்துச் சாய்ந்து கிடந்தது. தோண்டினால் பாதிக் கிழங்கு கையில் கூழாக வந்தது. அந்த நாற்றம்!

இதுதான் பிளைட், நம் ஊரில் கருகல் நோய். இங்கே பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். அதனால் முதல் வருடம் ஷார்லட் போதும். அது செகண்ட் ஏர்லி, ஏப்ரல் தொடக்கத்தில் நட்டால் ஜூலையில் எடுத்துவிடலாம். மாவுக்கிழங்குதான் வேண்டும் என்றால் சார்ப்போ மீரா தேடுங்கள். மெயின்கிராப்தான், ஆனால் கருகலை நன்றாகத் தாங்கும். சற்று வறட்டு ருசி. போண்டாவுக்கு அதுவே நல்லது.

மாரிஸ் பைப்பரையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். 1966-இல் வந்த அந்த ரகம், உருளை வேரைத் தாக்கும் மஞ்சள் முட்டைக்கூட்டு நூற்புழுவைத் தாங்கும். 1961-இல் நீலகிரியில் கண்டுபிடித்தார்களே, ஊட்டி உருளைக்காரர்களைப் பாடாய்ப்படுத்துகிற அதே புழு.

கடையில் சமையலுக்கு வாங்கியதில் முளை விட்டதை நடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முளைக்கத்தான் செய்யும், ஆனால் வைரஸ் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சான்று பெற்ற விதைக்கிழங்கே வாங்குங்கள். பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் விளைந்தது. அங்கே குளிரிலும் காற்றிலும் வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி குறைவு.

வாங்கியதும் முட்டை அட்டையில், கண் அதிகமுள்ள முனை மேலே இருக்க அடுக்கி, குளிர்ச்சியான, வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வையுங்கள். குட்டையாக, தடித்த முளை வர வேண்டும். இருட்டு அலமாரியில் வைத்தால் நீளமாக வெள்ளை வால்தான் வரும், கை பட்டாலே ஒடியும். நட்ட பிறகு செடி ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிழங்கில் வெயில் படும்; அப்படிப் பச்சையான கிழங்கைச் சாப்பிடக் கூடாது.

அப்புறம், மே பாதி வரைகூட இரவில் உறைபனி விழலாம். செடிமேல் போர்த்த ஒரு பழைய பெட்ஷீட்டைத் தோட்டத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.