ஆங்கி செயலியில் 1,400 அட்டை தேங்கிவிட்டது, தேர்வுக்கு 10 வாரம்தான்

யீஷூன்_எம்3:
எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு. ஆங்கியில் (கேள்வி அட்டையை மறக்கும் நேரம் பார்த்துத் திரும்பக் காட்டும் செயலி) நாளைக்கு 60 புது அட்டை, எஃப்எஸ்ஆர்எஸ் (அட்டை எப்போது திரும்ப வரவேண்டும் என்று கணக்கிடும் முறை) போட்டு ரிடென்ஷன் 0.95, அதாவது நூற்றுக்கு 95 அட்டை நினைவிருக்க வேண்டும் என்ற இலக்கு. வார்டு போஸ்டிங் தொடங்கியதும் 1,400 தேங்கிவிட்டது. எம்ஆர்டி ரயிலில் போகவர 40 நிமிடம், இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். எல்லாவற்றையும் ரீசெட் செய்யலாமா?

கோப்பிஓ_கொசோங்:
ரீசெட் மட்டும் வேண்டாம். எந்த அட்டை எப்போது வரவேண்டும் என்று இத்தனை மாதம் சேர்ந்த கணக்கெல்லாம் போய்விடும்.

கோளாறு அந்த 60தான். நாளைக்கு 20 புது அட்டை என்றாலே சில வாரத்தில் ஒரு நாளில் திரும்பப் பார்க்கவேண்டிய பழைய அட்டை (ரிவியூ) 200ஐத் தொடும். 60க்கு 600 வரும், எங்கே உட்கார்ந்து முடிப்பது?

இன்றைக்கே புது அட்டையை 0 ஆக்குங்கள். ரிடென்ஷனை 0.90க்கு இறக்குங்கள். 0.90இல் 10 நாள் கழித்து வரவேண்டிய அட்டை 0.95இல் நாலைந்து நாளிலேயே வந்து நிற்கும். வேலை இரட்டிப்புக்கும் மேல், லாபம் நூற்றுக்கு 5 அட்டை.

ரிவியூ வரிசையில், நினைவிருக்க வாய்ப்பு அதிகமுள்ள அட்டை முதலில் வரும்படி வையுங்கள். ஏற்கெனவே மறந்தது இன்னும் ஒரு வாரம் கிடந்தாலும் மறந்ததுதான். மறக்கப்போவதை முதலில் பிடிக்க வேண்டும். அன்றாடம் வருவது போக 100 அட்டை கூடுதலாக முடித்தால் 14 நாளில் தீரும்.

இரவுப்பணி:
எண்ணிக்கையை விடுங்கள், அட்டை எப்படி இருக்கிறது? 'ஹைப்பர்கலீமியா (ரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது) சிகிச்சை' என்று கேட்டுவிட்டு பின்பக்கம் ஆறு வரி எழுதியிருந்தால் அது அட்டையே இல்லை. ஐந்து வரி சொல்லி ஒன்றை விட்டால் எந்த பட்டனை அழுத்துவீர்கள்? இப்படி உடையுங்கள்:

கால்சியம் குளுக்கோனேட் பொட்டாசியத்தைக் குறைக்குமா? (குறைக்காது, இதயத் தசையைக் காக்கும்.)
இன்சுலின் எப்படிக் குறைக்கிறது? (பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளும், உடம்பை விட்டு வெளியேற்றாது.)
இன்சுலினோடு குளுக்கோஸ் ஏன்? (சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க.)

ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குள். பிரேக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) மாதிரி விஷயத்துக்கு எழுத்தே வேண்டாம், படத்தில் பெயரை மறைத்துக் கேட்கும் இமேஜ் அக்லூஷன் போதும்.

எட்டு முறை மறந்த அட்டையை ஆங்கியே 'லீச்' என்று குறிக்கும். அதைத் திரும்பத் திரும்பத் தட்டாமல் உடைத்து எழுதுங்கள், இல்லை சஸ்பெண்ட் செய்து வராமல் நிறுத்திவையுங்கள்.

யீஷூன்_எம்3:
நன்றி. பாதி மறந்திருந்தால் 'ஹார்டு' பட்டனை அழுத்துகிறேன், சரிதானே?

கோப்பிஓ_கொசோங்:
ஐயோ, இல்லை! 'ஹார்டு' என்றால் சிரமப்பட்டாவது நினைவுக்கு வந்தது என்று பொருள். விடை வரவில்லை என்றால் 'அகெய்ன்'தான். மறந்ததற்கு 'ஹார்டு' கொடுத்தால் எஃப்எஸ்ஆர்எஸ் அதைத் தேர்ச்சியாக எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். தேங்கியது பாதி இதனாலும் குழம்பியிருக்கும். இனி ஒழுங்காக அழுத்தி, மாதம் ஒருமுறை 'ஆப்டிமைஸ்' கொடுங்கள், எஃப்எஸ்ஆர்எஸ் உங்கள் நினைவுக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

இரவுப்பணி:
தேக்கம் தீர்ந்ததும் பழையபடி 60க்குப் போகாதீர்கள், 10 போதும். அதுவும் கேள்வி வங்கியில் தப்பாகப் போட்டதிலிருந்து மட்டும். கேள்வியை அப்படியே அட்டையாக்கினால் நினைவில் நிற்பது கேள்வியின் முகம்தான். எந்த ஒரு தகவல் தெரியாமல் தப்பியதோ அதை எழுதுங்கள். கடைசி 2 வாரம் புதுசு 0. ஆங்கியின் 'கஸ்டம் ஸ்டடி' வசதியில் அண்மையில் மறந்த அட்டைகளைத் தனியாக எடுக்கலாம். எம்ஆர்டியில் அதைப் பாருங்கள், இரவு ஒரு மணி நேரம் முழுக்க கேள்வி வங்கிக்கு.